கேப்டனுக்கு ஞாயிறு லீவு

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்காது, முகம்கூட அரைகுறைதான். மூக்கை மட்டும் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். எப்போதோ வந்துபோனவர் மறுபடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், "சார் மூக்கு வலது பக்கம் லேசா சாய்வு, பிரேம் வழுக்கும், போன தடவையே மூக்குல உக்கார்ற பேடைச் சின்னதா மாத்திக் குடுத்தோம்" என்பாள். வந்தவர் தன் மூக்கைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வார். பிரேமைச் சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்து, இன்னொரு தரம் வளைத்து அவள் மாட்டிவிட்டாளென்றால், கண்ணாடி அந்த முகத்தோடு பிறந்தது மாதிரி உட்கார்ந்துவிடும்.

அந்த மூக்கக்காவுக்குத்தான் இன்றைக்கு வழியனுப்பு விழா.

விழா என்றதும் மேடை, மைக் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலாளி கடைக்கு ஒரு நாள் பூட்டுப் போட்டுவிட்டு, இருக்கிற நாலைந்து பேரையும் ஆற்றங்கரையில் இருக்கும் ஓவிய மியூசியத்துக்குக் கூட்டிவந்திருந்தார். டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்த பிறகுதான் ரகசியத்தை அவிழ்த்தார். மியூசியத்துக்கும், ஆற்றில் ஊரைச் சுற்றிக்காட்டும் படகுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். காலையில் படம், சாப்பாட்டுக்கு அப்புறம் படகு. ஆளுக்கொரு மஞ்சள் பட்டையை மணிக்கட்டில் ஒட்டிவிட்டார்கள்.

"படகா? நான் வீட்ல மியூசியம்னு மட்டும்தான் சார் சொல்லிட்டு வந்தேன்."

"ஏன், படகுன்னு சொன்னா வீட்ல விடமாட்டாங்களா? வாம்மா." மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பேசி வச்சிருக்கேன். இன்னிக்கு சாயந்தரம் அவனுக்குப் போன் பண்ணி வரச் சொல்லணும். இந்தப் படகு திரும்பி கரைக்கு வர்ற வரைக்கும் உனக்கு டைம் தர்றேன். மனசு மாறினா ஒரு வார்த்தை சொல்லு, புதுக் கடை உன் பொறுப்பு. கரையில இறங்கிட்டோம்னா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"மாறாது சார்," என்றாள்.

முதலாளி அடுத்த ஊரில் இரண்டாவது கடை திறக்கப்போகிறார். அதற்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்ன அன்று, லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தவள் அவள். யாருக்குத்தான் ஆசை இருக்காது? கடையைக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவள். வீட்டில் போய்ச் சொன்னபோது கணவன் கோபப்படவே இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். குரலை உயர்த்திப் பேசுகிற பழக்கம் அவனுக்கு என்றுமே கிடையாது. "போ, யாரு வேணாம்னா? அப்பாவுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போ," என்றான். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கொஞ்ச நாள் கழித்து, இருக்கிற வேலைக்கே அவள் போய்வருவது அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றான். மாமனாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பகல் பூரா தனியா கிடக்க பயமா இருக்கும்மா," என்றார். வேலையை விட்டுவிடுவதென்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

மாமனார் போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. நடந்துவிடுவார் என்று டாக்டர்கள் சொன்னார்கள், அவர் நடக்கவில்லை. காலில் தெம்பே இல்லை என்றார். அன்றிலிருந்து ஆற்றைப் பார்த்த பின்னறையில் படுத்த படுக்கைதான். காலையில் துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, பெட்பேன் வைத்து எடுத்து, அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் அவள் கடைக்கு ஓடுவாள். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து, குழைய வைத்த சாப்பாட்டை ஸ்பூனால் ஊட்டிவிட்டு, தான் சாப்பிட நேரமில்லாமல் மறுபடி ஓடுவாள். இதில் அவளுக்கு மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை. அந்த வீட்டில் அவளைப் பார்த்ததும் முகம் மலர்கிறவர் அவர் ஒருவர்தான். "அம்மாடி" என்று அவர் கூப்பிடும்போது அவளுக்குப் பெற்ற அப்பாவின் ஞாபகம் வரும்.

மியூசியத்துக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காத மாதிரி எல்லோரும் பூனை நடை நடந்தார்கள். கடையின் வரவேற்பில் உட்காருகிற வாயாடிப் பெண்ணால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியல. ஆனா ஏசி சூப்பரா இருக்கு," என்று காதில் கிசுகிசுத்தாள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கிய கூடத்தில் மூக்கக்கா ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு போனாள். மார்பு முழுக்கப் பதக்கம் குத்தியிருந்த ஒரு தளபதியின் முன்னால் நின்று, "இவருக்கு மூக்குத்தண்டே இல்லை. என்ன பிரேம் போட்டாலும் உதட்டுக்கு வந்துடும்," என்றாள். வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் காவலர் திரும்பிப் பார்த்தார்.

மாடியில் ஒரு புதிய கண்காட்சி. அதற்காகத்தான் இந்த இரட்டை டிக்கெட்டே போட்டிருக்கிறார்கள். யாரோ ஓர் ஓவியர் வாராவாரம் இதே சுற்றுலாப் படகில் போய், ஆற்றோரத்து வீடுகளின் பின்பக்கங்களை மட்டும் வரைந்திருந்தார். ஊரே முகத்தை அலங்கரித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கும்போது, இவர் முதுகைப் பார்க்கப் போயிருக்கிறார். காயும் துணிகள், துருப்பிடித்த குழாய்கள், உடைந்த நாற்காலி, ஜன்னலில் பல் விளக்குகிறவன், கதவோரம் உட்கார்ந்து அழுகிற ஒருத்தி. தெருப்பக்கம் யாருக்கும் காட்டாததையெல்லாம் ஆற்றுப்பக்கம் அப்படியே போட்டுவைத்திருக்கிறார்கள்.

வாசலில் இருந்த பெண் விளக்கினாள். "இதுல உங்களுக்குப் பிடிச்ச ஒரு படத்தை மனசுல வச்சுக்கோங்க. மத்தியானம் படகுல போகும்போது அந்த வீடு எதுன்னு கண்டுபிடிங்க."

"நான் கேப்டனை எடுத்துக்கறேன்!" என்று வாயாடி ஒரு படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். "அக்கா, இங்க வாங்களேன். தாத்தா எவ்வளவு ஸ்டைலா நிக்கறாரு பாருங்க."

மூக்கக்கா போய்ப் பார்த்தாள். பழைய வீடு ஒன்றின் மாடி பால்கனி. கம்பியில் இடது கையை ஊன்றி, வலது கையை மேலே தூக்கி ஆட்டியபடி ஒரு முதியவர் நிற்கிறார். கீழே சின்னதாக 'கேப்டன்' என்று எழுதியிருந்தது. வீட்டைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொந்த வீட்டின் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? துணி காயப்போட விடிகாலையில் அந்த பால்கனிக்குப் போவாள், அப்போது படகு ஓடாது. ஆற்றிலிருந்து அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மூக்குதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

நடுவில் லேசாகப் புடைத்து, நுனியில் இடது பக்கம் திரும்பிய மூக்கு. அதன்மேல் கறுப்பு பிரேம். பிரேமில் காதில் மாட்டும் இடது கால் மட்டும் பழுப்பு. ஓவியர் அதைக்கூட விடாமல் பழுப்பு நிறத்தைத் தொட்டு ஒரே கோடாக இழுத்திருந்தார்.

"மாமா எழுந்து நிக்கறாரு!"

அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். அந்த ஒரு நொடி அவளுக்கு வந்தது சந்தோஷம். கைதட்ட வேண்டும் போல, யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல ஒரு சந்தோஷம். அடுத்த நொடி அது அப்படியே உறைந்துபோனது.

"என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ, வர்றேன்."

வேறு யாரோ என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கண்ணாடி குளியலறையில் அவர் விழுந்தபோது உடைந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், அதே கறுப்பில் கால் கிடைக்காமல், கடையின் பழைய சாமான் டப்பாவைக் கிளறி, ஒரு பழுப்புக் காலை எடுத்து அவளே மாட்டிக்கொடுத்தாள். விழுவதற்கு முன்னால் வரைந்த படமாக இருந்தால் இரண்டு காலும் கறுப்பாக இருந்திருக்கும். இது விழுந்ததற்கு அப்புறம். படுத்த படுக்கை என்று ஆன பிறகு.

கூடத்தின் மூலைக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தாள். இன்றைக்கு மதியச் சாப்பாடு கொடுக்க அந்த அக்காவிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கணவன் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டால் சாயந்தரம் வரைக்கும் பஸ் ஷெட்டை விட்டு நகர முடியாது. அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான்.

"அக்கா, மாமா என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவாரு, பாவம்? படுத்துத்தான் இருக்காரு. இப்பத்தான் போய்ச் சாப்பாடு குடுத்துட்டு வந்தேன். ரெண்டு வாய்தான் வாங்கினாரு. உன்னைத்தான் கேட்டாரு. நீ எதுக்கு வீட்டையே நினைச்சுக்கிட்டு? நல்லா சுத்திப் பாத்துட்டு வா."

மூச்சு திரும்பி வந்தது. பார், தப்பாக நினைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். என்றைக்கோ ஒரு நாள் காற்றாட இருக்கட்டும் என்று கணவன் அவரைத் தூக்கிக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பான். பாவம், அந்த நேரம் பார்த்துப் படகு போயிருக்கும். கை தூக்கியதெல்லாம் ஓவியரின் கைவரிசை. படம் வரைகிறவர்களை நம்ப முடியுமா? இல்லாததையும் எழுதிச் சேர்ப்பார்கள். அப்படியானால் கணவன் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற கேள்வி மட்டும் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நாராக உறுத்திக்கொண்டே இருந்தது. மியூசியத்து உணவகத்தில் எல்லோரும் வெளுத்துக் கட்டினார்கள். அவள் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"பிரிஞ்சு போற வருத்தம்," என்று முதலாளி மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தார்.

மியூசியத்துக்குப் பின்னாலேயே படகுத்துறை. மேலே கூரையும் பக்கவாட்டில் திறப்பும் உள்ள பெரிய படகு. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கைடு ஒரு நடுவயதுப் பெண், பேச்சில் கெட்டிக்காரி. பாலத்தைக் கட்டியவரின் மாமியார் கதையில் தொடங்கி, மணிக்கூண்டு ஏன் எப்போதும் தாமதமாகவே அடிக்கிறது என்பது வரை சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தாள். மூக்கக்கா எதுவும் காதில் வாங்கவில்லை. கரையில் வருகிற ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது பேங்க், இது பழைய தபால் ஆபீஸ், இது எங்கள் தெரு முனையில் இருக்கும் மருந்துக் கடை. தெருப் பக்கம் பளபளவென்று இருக்கும் மருந்துக் கடையின் முதுகு முழுக்கக் காலி அட்டைப்பெட்டி. அடுத்தது எங்கள் வரிசை.

"இப்ப எல்லாரும் இடது பக்கம் வாங்க!" என்றாள் கைடு. "ஆனா மொத்தமா வந்து படகைக் கவுத்துடாதீங்க. மியூசியத்துல கேப்டன் படம் பாத்தீங்களா? பாத்தவங்க கை தூக்குங்க. இதோ அந்த மனுஷரையே நேர்ல காட்டப்போறேன். நம்ம ஹாரன் சத்தம் கேட்டா போதும், எங்க இருந்தாலும் ஓடி வந்துருவாரு. நீங்க கை ஆட்டணும், அவரும் ஆட்டுவாரு. மூடு நல்லா இருந்தா பரேடு நடந்து காட்டுவாரு."

"தினமுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தினமும்தான். மழை பெஞ்சாக்கூட குடை பிடிச்சுக்கிட்டு வருவாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் கேப்டனுக்கு லீவு. ஏன்னு எங்களுக்கும் தெரியல."

ஏனென்று அந்தப் படகில் ஒருத்திக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீட்டில் இருப்பாள்.

வாயாடி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, முன்கம்பியருகே கொண்டுபோய் நிறுத்தினாள். "வாங்கக்கா, நம்ம ஆளு!" படகு கரையை ஒட்டித் திரும்பியது. ஹாரன் நீளமாக அலறியது.

பால்கனிக் கதவு திறந்தது. மாமனார் வந்தார்.

தாங்கிப் பிடித்துக்கொண்டு வரவில்லை. தடி ஊன்றியும் வரவில்லை. சினிமாவில் ஹீரோ வருவது மாதிரி விறுவிறுவென்று வந்தார். இன்று காலை அவள் ஒவ்வொரு கையாகத் தூக்கி நுழைத்து மாட்டிவிட்ட அதே வெள்ளைச் சட்டை. அப்போது, "மெதுவாம்மா, வலிக்குது" என்று முனகினார். வந்து நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். படகு முழுக்கக் கைதட்டல். பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கைவீசி நடந்தார், பட்டென்று திரும்பினார், மறுபடி நடந்தார். முழங்கால் மார்புக்கு வந்தது. விசில் பறந்தது. முதலாளிகூட எழுந்து நின்று கைதட்டினார்.

அவள் பெட்பேனை நினைத்தாள். வேறு எதுவும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. இன்று காலையும் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மனுஷருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எண்ணி, வேண்டுமென்றே வேறு பேச்சுப் பேசிக்கொண்டே எடுப்பாள். இப்படி நடக்கிற காலை வைத்துக்கொண்டு அவர் அதில் படுத்திருந்தார் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே நம்ப முடியவில்லை.

படகு பால்கனிக்கு நேர் கீழே வந்தது. மாமனார் கும்பலைப் பார்த்து ஒவ்வொருவருக்காகக் கை ஆட்டிக்கொண்டே வந்தவர், அவளிடம் வந்ததும் நின்றார். அவள் போட்டுக்கொடுத்த கண்ணாடி; தூரப் பார்வை துளியும் பிசகாது. தூக்கிய கை தூக்கியபடி நிற்க, வாய் மெல்லத் திறந்தது.

அப்புறம் அவர் செய்ததை அந்தப் படகில் யாரும் மறக்கமாட்டார்கள். அவர் படுத்துவிட்டார். கால் நீட்டி, கையை மார்பில் வைத்துக்கொண்டு, பால்கனியின் வெறுந்தரையில், மல்லாந்து, அப்படியே படுத்துவிட்டார்.

"ஐயோ! கேப்டன் விழுந்துட்டாரு!" கைடு மைக்கிலேயே அலறினாள். படகு முழுக்கக் கூச்சல். "ஹார்ட் அட்டாக்கா இருக்கும்", "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க", "படகை நிறுத்துங்கப்பா". வாயாடி அழவே ஆரம்பித்துவிட்டாள். முதலாளி போனை எடுத்துவிட்டார். எல்லோரும் பதறிக்கொண்டிருந்த இடத்தில் மூக்கக்கா மட்டும் சிரித்தாள். அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்ததும் படுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த உடம்புக்குப் பழகிப்போயிருந்தது.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து இன்னொருவர் ஓடி வந்தார். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் சீட்டுக்கட்டு.

அவள் சிரிப்பு நின்றது.

கணவன். பஸ் ஷெட்டை விட்டு நகர முடியாதவன். கலைந்த தலையும் பனியனுமாக, பகல் தூக்கம் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றான். மாமனார் ஏமாற்றினார் என்பதை ஜீரணிக்கவே அவளுக்கு இன்னும் சரியாக முடியவில்லை; வயதானவர், தனிமை, ஏதோ பயம் என்று மனசு காரணம் தேடிக்கொண்டிருந்தது. இதற்கு எந்தக் காரணத்தைத் தேடுவது? அவள் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த பகல்களில், மதியம் மூச்சு வாங்க ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடிய பிறகு, அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சீட்டு ஆடியிருக்கிறார்கள். தெருப்பக்கக் கதவை நன்றாகத் தாழ் போட்டிருக்கிறார்கள். ஆற்றுப்பக்கத்தை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. படகில் வருகிறவர்கள் யாரோ எவரோ. அவர்கள் பார்த்தால் என்ன?

கணவன் குனிந்து, "என்னப்பா, எதுக்குத் தரையில படுத்தீங்க?" என்று கேட்டது தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது. மாமனார் படுத்தபடியே விரலை மட்டும் தூக்கி ஆற்றைக் காட்டினார். அவன் நிமிர்ந்து பார்த்தான். படகைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

பார்த்துவிட்டு, சீட்டுக்கட்டுப் பிடித்த கையைத் தூக்கி ஆட்டினான். யாரோ ஊர் சுற்ற வந்தவர்களுக்கு ஆட்டுவது மாதிரி, பல்லைக் காட்டிக்கொண்டு ஆட்டினான்.

"அப்பாடா, பையன் வந்துட்டாரு. பயப்பட ஒண்ணுமில்ல போல," என்றாள் கைடு. படகு வளைவில் திரும்பியது. பால்கனி ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். "உனக்கு என்னம்மா ஆச்சு? முகமே சரியில்லை," என்று முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கணவன்தான்.

"எங்க இருக்க?" குரலில் அவசரம். "அப்பா விழுந்துட்டாரு. உடனே கிளம்பி வா."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, நிஜமாகவே அவன்தானா என்று திரையைப் பார்த்துக்கொண்டாள். ஆற்றிலிருந்து பார்த்தால் அவளுக்கு வீடு அடையாளம் தெரிந்திருக்காது என்று கணக்குப் போடுகிறான். தப்பிக்க ஒரு சின்ன சந்து இருந்தாலும் நுழைந்துவிடப் பார்க்கிறான்.

"எங்கேருந்து விழுந்தாரு?"

"கட்டில்லேருந்துதான். புரண்டு படுத்திருப்பாரு போல. பக்கத்து வீட்டக்கா போன் பண்ணாங்க, நான் ஷெட்லேருந்து ஓடி வந்தேன்."

"கட்டில்லேருந்து புரண்டவரு பால்கனி வரைக்கும் புரண்டாரா?"

ஆற்றுச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. பின்னால் எங்கோ மாமனாரின் குரல், "பாத்துட்டாளாடா?" என்று மெதுவாகக் கேட்டது.

"எப்போலேருந்து நடக்கறாரு?" என்றாள் அவள்.

"கொஞ்ச நாளாத்தான்."

"படம் வரைஞ்சு, காய வச்சு, மியூசியத்துல மாட்டியாச்சுங்க. கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்?"

"சரி, வீட்டுக்கு வா, பேசிக்கலாம். போன்ல எதுக்கு?" அப்புறம் அவனுக்கே பொறுக்காமல் போனது. குரல் உயரவில்லை, அப்போதும் உயரவில்லை. "நீ புதுக் கடை, புதுக் கடைன்னு நின்ன. அப்பா எந்திரிச்சுட்டாருன்னு தெரிஞ்சா நீ போயிடுவ. வீடு என்ன ஆகும்? அதான் நீ வேலையை விடற வரைக்கும் சும்மா இருங்கன்னு சொன்னேன். நாளையிலேருந்து மெதுவா நடக்க ஆரம்பிக்கறதாத்தான் இருந்தாரு. உன் கையால நடக்க வச்ச மாதிரி இருக்கட்டும்னு நினைச்சோம்."

அவள் வேலையை விட்ட மறுநாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதல் அடி எடுத்துவைக்க, அவள் ஆனந்தக் கண்ணீர் விட, இவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக இருந்திருக்கிறார்கள். அதற்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

"அம்மாடி..." மாமனார் போனை வாங்கிவிட்டார். "அம்மாடி, நான் வேணாம்னுதான்மா சொன்னேன். இவன்தான்..."

"மாமா," என்றாள். அழக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் கண்ணிலிருந்து தாரையாக வந்தது. "இன்னிக்குக் காலைல மியூசியத்துல உங்களை நிக்கற மாதிரி பாத்தேன். எனக்கு முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோஷம் மாமா. நீங்க நடந்தா ஊர்லயே ரொம்ப சந்தோஷப்படறவ நான்தான். என்கிட்ட போய் மறைச்சீங்களே."

அவள் போனை அணைத்தாள்.

துறை நெருங்கிவிட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் முன்பக்கம் போனான். எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். முதலாளி எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது.

"அது உங்க வீடாம்மா?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"நான் வேற எழுந்து நின்னு கைதட்டினேன்."

"பரவால்ல சார். நல்லாத்தானே நடந்தாரு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "சார், அந்த ஆளுக்குப் போன் பண்ணாதீங்க."

"பண்ணலம்மா. கடை உன்னோடது. ஒரு வாரம் வீட்டுல பேசி எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, நிதானமா வா. அங்க இன்னும் பெயின்ட்டே காயல. சாமான் எதுவும் வந்து இறங்கல."

படகு துறையில் இடித்து நின்றது. கயிறு இறுகியது.

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"என்கிட்டதான். ஏன்?"

"இப்பவே குடுங்க," என்றாள் அவள். "இன்னிக்கு ராத்திரி நான் படுக்கறதுக்கு எனக்கு வேற இடம் இல்ல."

முதலாளி பாக்கெட்டில் கைவிட்டு, சாவிக்கொத்திலிருந்து அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்.